இழப்பு 0.02

மின்தூக்கி ஒன்பதோடு நின்றுவிட்டது.
மீதி ஐந்து மாடிக்கு
கம்பிச் சுருளும் ஏணியும் நானும்
ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஏறினோம்.

செந்தூல் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்
மூன்று மொழியிலும் சுவரொட்டி:
பத்து மடங்கு வேகம்.
தமிழில் மட்டும் வேகத்தின் இரட்டைக்கொம்பு
வகரத்தை முன்னால் போகவிட்டுப்
பின்னால் தள்ளாடி வருகிறது.

பதினான்காம் மாடி. யோகமலர்.
கிடங்கில் இரவு வேலை, இன்று விடுப்பாம்.
டார்ச்சைப் பிடித்தபடி அவரே சொன்னது:
கணவர் பெர்த்துக்குத் தெற்கே ஆப்பிள் பறிக்கிறார்.
ஆறு மாதம் என்று போனது
இரண்டு வருடம்.
பழைய லைனில் அவர் முகம்
சதுரம் சதுரமாக உடையும்,
வாய் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்.
எப்ப வர்றீங்க என்று கேட்டதும்
வட்டம் சுற்ற ஆரம்பிக்கும்.
லைன் சரியில்ல, அப்புறம் பேசுவோம்.

"இனிமே மாட்டிக்கிட்டு நிக்காதுல்ல அண்ணே?"
"நிக்காதுங்க."

இழையை உரித்தேன்.
தலைமயிர் கனம்தான், ஆனால் கண்ணாடி.
மதுசாரம் தொட்டுத் துடைத்தால்
சுத்தமானதும் கீச்சென்று சொல்லும்.
இயந்திரத்தின் சின்னத் திரையில்
இரண்டு நுனியும் இரண்டு தூண்களாக
எதிரெதிரே நின்றன.
ஒரு பொறி.
நடுவிலிருந்த கோடு காணாமல் போனது.
இழப்பு 0.02.
என் தொழிலில்
இதற்குமேல் நெருக்கம் கிடையாது.

வேகமானி ஏறியதை அவர் பார்க்கவே இல்லை.
எண்ணை அழுத்திவிட்டார்.

முகம் வந்தது. முழுசாக.
தாடையில் சவரக் கீறல்.
தலைக்குப் பின்னால் கொடியில்
இரண்டு துவாலை, ஒன்று பூப்போட்டது.
சாப்பாடு, மழை, அம்மாவின் மருந்துச் செலவு,
பிறகு அந்தக் கேள்வி.

அவர் அசையவில்லை.
கீறலுக்குக் கீழே தொண்டை மட்டும்
ஒருமுறை ஏறி இறங்கியது.

மோடத்தைப் பார்த்தேன்.
நான்கு விளக்கும் பச்சை.
பெர்த்துக்குப் போய்த் திரும்ப
ஐம்பது மில்லிநொடி;
கண் இமைக்க அதைவிட நேரமாகும்.
தாமதம் என் கம்பியில் இல்லை.

"லைனா அண்ணே?"
யோகமலர் திரும்பிக் கேட்டார்.
திரையில் அவரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது,
அத்தனை தெளிவு.

"ஆமாங்க.
முதல் நாள் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்,"
என்று குனிந்து
சரியாக இருந்த முனையை
ஒருமுறை கழற்றி மாட்டினேன்.

படிவத்தில் எழுதினேன்:
வேகம், சொன்னபடி. கோளாறு, இல்லை.
படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கீழே மழை கட்டியிருந்தது.
அடுத்த வீடு கெப்போங்கில்.
கம்பிக்கு எண் எழுதும் மசிப்பேனாவை எடுத்து
சுவரொட்டியில் வகரத்துக்கு முன்னால்
ஒரு கொம்பு போட்டேன்.
பின்னால் இருந்ததை அழிக்க முடியவில்லை.
இப்போது வேகத்துக்கு
இரண்டு பக்கமும் கொம்பு.