மேல்மாடி, சம்பள வெள்ளி

கீழே லீசிங் கொம்பனி.
அதற்கு மேலே ரைல்ஸ் கடை.
அதற்கும் மேலே, படியெல்லாம் ஊதா வெளிச்சம் பூசி,
கிளிநொச்சியின் புது லவுஞ்ச்.
சரத்தோடு வரக்கூடாதென்று வாசலில் எழுதியிருக்கிறது.
பெண்களைப் பற்றி ஒன்றும் எழுதியில்லை.
ஏறினோம்.

நாலு பேர்.
விடிய ஐந்தரைக்குக் கண்ணிவெடிக் களத்துக்குப் போகும் வாகனத்தில்
தோளோடு தோள் தூங்கி விழுகிறவர்கள்.
நகுலா தங்கச்சியின் குதிச்சப்பாத்தை இரவல் வாங்கி
படிக்கொரு தடவை
தங்கச்சியைத் திட்டினாள்.

கதவு திறந்தது.
பாட்டு நிற்கவில்லை,
கதைகள் நின்றன.
மனேஜர் ஓடிவந்தார்:
"பமிலி கபின் இருக்கு, திரையும் இருக்கு."
"திரைக்குள்ள இருந்து எதைப் பாக்கிறது, அண்ணை?"
என்றாள் அனற்றா.
நட்டநடு மேசையில் இருந்தோம்.

நீல வெளிச்சத்தில் எல்லோருக்கும் பல் மட்டும் வெள்ளை.
ஸ்காபரோவிலிருந்து வந்தவர் அரைக்காற்சட்டையோடு
(முழங்காலுக்குத் தடையில்லைப் போல)
மேசை மேசையாய் டெவில் கோழி அனுப்பினார்.
கொந்தராத்துக்காரர் இரண்டு போனிலும்
ஒரே பொய்யைச் சொன்னார்.
வங்கிப் பெடியள் கழுத்துப்பட்டியைத் தளர்த்திப்
படம் எடுத்து, முகம் விழாமல்,
திரும்பவும் எடுத்தார்கள்.

மூலையில் ஒருவன்
விலைப்பட்டியலை முகத்துக்கு நேரே பிடித்து
நெடுநேரம் வாசித்தான்.
செவ்வாய்தோறும் எங்கள் ஒழுங்கைக்குக்
கட்டுக்காசு கேட்டு வருகிறவன்.
அவனுடைய மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால்
அம்மா கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிவாள்.
இன்றைக்கு அவன் முறை.

ஒரு பியர், நாலு கிளாஸ்.
கைத்தது.
நல்லாயிருக்கென்று நாலு பேரும் சொன்னோம்.

பாட்டின் இடி தரைவழியே வந்து
உள்ளங்காலைத் தட்டியது.
ஏதோ விழுந்ததென்று குனிந்தேன்.
மேசைக்குக் கீழே
எங்கள் எட்டுக் கால்களும்
கதிரைக் கம்பிகளில் ஏறியிருந்தன.
நான் நிமிர்ந்தேன்.
அதைப்பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

பில் வந்தது.
அனற்றா புது அட்டையை நீட்ட
பெடியன் மிசினில் வைத்தான்.
பீப்.
நாலு கைகளும் அந்தந்த இடத்திலேயே நின்றன,
பொரித்த கடலையோடு ஒன்று,
தலைமயிரில் ஒன்று.

"கிண்டிப் பார்,
ஆணியாத்தான் இருக்கும்"
என்றாள் நகுலா.
மேசை குலுங்கச் சிரித்தோம்.
பெடியனுக்கு விளங்கவில்லை, அவனும் சிரித்தான்.
மூலைக்காரன் இன்னும் ஐஸ்கிறீம் வகைகளில் நின்றான்.

கீழே ஏ-ஒன்பதில்
கொழும்புப் பஸ் ஹோர்ண் அடித்துப் போனது.
நகுலா சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.
"தார் றோட்டுத்தானே" என்று
வெறுங்காலோடு இறங்கி
எங்களுக்கு முன்னால் நடந்தாள்.