ஒன்பது அழுத்தல்

இஞ்சிவிளையில் லாட்டரி விற்கிறேன்.
கேரளத்துச் சீட்டு, கேரளத்து மண்.
வீடு களியக்காவிளையில்.
செக்போஸ்ட் தாண்டினால் என் பேச்சு மாறும்,
சில்லறை மாறாது.

பழைய ரேடியோவுக்கு ஒரு குமிழ் இருந்தது.
நாகர்கோவிலிலிருந்து அனந்தபுரிக்கு
கட்டைவிரல் ரேகையளவு தூரம்.
நடுவில் கொஞ்சம் இரைச்சல்,
இரண்டு மொழியும் ஒன்றன் காலை ஒன்று மிதிக்கும்.
விரலுக்கு வழி தெரியும்.

அது மழையில் நனைந்து செத்தது.
மைத்துனன் தோஹாவிலிருந்து புதுசு கொண்டுவந்தான்,
டிஜிட்டல்.
சோப்புக்கட்டி மாதிரி வழவழ.
ஐந்து பொத்தான், ஐந்துக்கும் ஒரே பீப்.
"எல்லாம் திரையில எழுதிக் காட்டும் அத்தான்" என்றான்.
சொன்ன பிறகு
அவனே கொஞ்சநேரம் பேசவில்லை.

ஓர் அழுத்தலுக்கு ஒரு புள்ளி நகரும்.
நூற்றொன்றில் நாகர்கோவில்.
நூற்றொன்று புள்ளி ஒன்பதில் அனந்தபுரி.
ஒன்பது அழுத்தலில் ஒரு மாநிலம் தாண்டலாம்,
எண்ணிக்கை தப்பாவிட்டால்.
ஆறாவது அழுத்தலில் யாராவது வந்து
"நாளத்தேது உண்டோ சேட்டா" என்பார்.
சீட்டைக் கொடுத்து, காசைத் தடவி,
திரும்பி வந்தால்
ஆறா, ஏழா?

பிறகு ஊமையாகிவிடும்.
சார்ஜ் தீர்ந்ததா,
சத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டேனா,
அலாரம் வைக்கிற இடத்துக்குள் புகுந்துவிட்டேனா,
இல்லை, அங்கே நிலையமே கிடையாதா?
பார்க்கிறவனுக்கு இவை நாலு.
எனக்கு ஒரே மௌனம்.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
"ஸ்கிரீன்ல என்ன காட்டுது சார்?"
"அதத்தான் நானும் கேக்கேன்."
"ஸ்கிரீனக் கொஞ்சம் பாத்து..."
"தம்பி, எனக்குக் கண்ணு தெரியாது."
அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.
இந்தப் பதிலுக்கு அவர்கள் தாளில்
கட்டம் அடிக்கவில்லை போல.
"புகார் பதிவாயிடுச்சு சார்."

றசலையன் சந்தைமுக்கில்
மிக்சி, இஸ்திரிப்பெட்டி பார்க்கிறவன்.
அதன் வயிற்றைத் திறந்து வெகுநேரம் உம் கொட்டினான்.
"திரைக்குப் போவுத எழுத்த ஒரு சில்லு வாசிச்சாப் போரும்.
வாசிக்கியதுக்குத்தான் ஒரு தொண்டை வேணும்."
மூன்று வாரம் ஈயம் உருகும் மணம்.
முதலில் தன் தொண்டையையே வைத்தான்,
கடன் வசூலிக்க வந்தவன் குரல்.
மாட்டேன் என்றுவிட்டேன்.
பிறகு அவன் மனைவி பெல்சி
கடை ஷட்டரை இறக்கிவிட்டு
பூஜ்யம் முதல் ஒன்பது வரை சொன்னாள்.
புள்ளி. நூற்று. சத்தம் கூட. சத்தம் கொறய.
ஷட்டர் இறக்கியும்
பாறசாலை பஸ் உள்ளே வந்துவிட்டது:
ஏழு என்று சொல்லும்போதெல்லாம்
பின்னால் ஒரு ஹாரன்.

கூலிக்கு ஓர் ஓணம் பம்பர் கேட்டான் றசலையன்.
கொடுத்தேன். விழவில்லை.

இப்போது எண்ணுவதில்லை.
அழுத்தினால் அவளே சொல்கிறாள்,
இடத்தை, மணியை, எவ்வளவு சத்தம் என்பதை.
"சார்ஜ் தீரப்போவுது, கேட்டியளா?"
அந்தக் கேட்டியளாவை
யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

ஒரு ராத்திரி, வேண்டுமென்றே
நடுவழியில் நிறுத்தினேன்.
"நூற்றொன்று புள்ளி நாலு" என்றாள்.
மூச்சுவிடும் நேரம் கழித்து,
"இங்க ஒண்ணும் இல்ல."
அப்படியே படுத்துக் கிடந்தேன்.
ஒன்றுமில்லாத இடத்தில்
ஒன்றுமில்லை என்று ஓர் ஆள் சொல்லிவிட்டால்
அங்கேயும் கொஞ்சநேரம் இருக்கலாம்.

ஆடி முடிந்து கம்பெனிப் பையன் கூப்பிட்டான்.
"உங்க புகார முடிச்சிடலாமா சார்?
கடைசியா ஒரு தடவ,
ஸ்கிரீன்ல என்ன காட்டுது?"
போனை ரேடியோவிடம் நீட்டிப் பொத்தானை அழுத்தினேன்.
நூற்றொன்று புள்ளி ஏழு என்றாள் பெல்சி,
பாறசாலை பஸ்ஸோடு.

"சார்," என்றான் பையன்,
"ரோட்டுல நிக்கிறீங்களா? ஓரமா வாங்க,
நான் காத்திருக்கேன்."