தேறல்

பாண்டான் லூப்பில் ஏழாவது ஷட்டர்.
ஒருபக்கம் மீன்பந்துத் தொழிற்சாலை,
மறுபக்கம் லாரி டயர்.
இரண்டுக்கும் நடுவே மூக்கைப் பிடித்து இழுக்கிறது
வெந்த புலூட் அரிசியும்
கனிந்து கெடப்போகும் பேரிக்காயும் கலந்த வாசம்.

குடிக்க வந்தவள் அல்ல நான்.
சாக்கடை மூடியை நெம்பி
அரை லிட்டர் கழிவுநீர் எடுத்துப்போக வந்தவள்.
கழுத்தட்டையில்: பெ. இளமதி, மாதிரி சேகரிப்பு.
பூட்சுக்குள் இன்னும்
காலையில் போன தௌஹூ ஆலையின் ஈரம்.

போன தடவை இவர்கள் தேறவில்லை.

தொண்ணூற்று மூன்று வருஷமாக அரிசி மது.
பிள்ளை பெற்றவளின் கோழி சூப்புக்கு
இவர்கள் புட்டிதான் வேண்டும் என்கிற வீடுகள்
தோ பாயோவில் இன்னும் உண்டாம்.
பழைய புட்டியைத் திருப்பித் தந்தால் அறுபது காசு.
நல்ல காரியம்தான்.
ஆனால் புட்டியைக் கழுவினால் லேபிளின் பசை கரையும்,
கரைந்த பசை என் எண்ணில் ஏறும்.
கண்ணாடி மிச்சம், தண்ணீர் சேதம்.
ரசாயனப் பசையை விட்டு அரிசிக் கஞ்சிக்கு மாறினார்கள்.
கஞ்சி அதைவிட மோசம்.
எண் கூரையைத் தொட்டது.

இந்தத் தடவை பசையே இல்லை.
கழுத்தில் ஒரு காகிதத் துண்டு, சிவப்பு நூல்.
"நூல் கட்டவே ரெண்டு பேர்," என்று
தம்பி பூன் தெக் முணுமுணுக்கிறான்.
புதுப் புட்டி வாங்கினால் பாதி விலை,
கணக்கு அவன் கைபேசியில் தயாராக இருக்கிறது.
குவெக் சியூ லான் அதைப் பார்ப்பதில்லை.
மூன்றாம் முறை அரிசி களைந்த நீரை
அடுத்த மூட்டையின் முதல் களைதலுக்குத்
திருப்பிவிடும் குழாயை எனக்குக் காட்டுகிறாள்,
புதிதாய் முளைத்த பல்லைக் காட்டும் பிள்ளை மாதிரி.

பிழிந்த சிவப்பு வண்டல்
செவ்வாய்தோறும் லிம் சூ காங் மீன்பண்ணைக்கு.
அங்கே அதைத் தின்று கொழுக்கிறது கொடுவா.
ஞாயிறு தேக்கா சந்தையில் நான் வாங்குவதும் கொடுவா.
எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை என்று
மாமியார் சொல்லும்போது
குழம்பைக் கிண்டிக்கொண்டே இருப்பேன்.

தெளிந்த மதுவுக்குத் தமிழில் தேறல் என்று பேர்.
தேர்வில் தேறுவதும், காய்ச்சலிலிருந்து தேறுவதும்,
கலங்கிய நீர் தேறுவதும் அதே சொல்தான்.
இதை இவளுக்கு எப்படிச் சொல்வது?
பாஸ், கிளியர், ஒயின், சேம் வேர்ட் என்று உளறினேன்.
"அப்போ ஃபெயிலுக்கு?"
வண்டல், என்றேன்.
பொய்.
அவளுக்குப் பிடித்திருந்தது.

கூரை முழுக்கச் சூரியத் தகடு.
சுவருக்கு மட்டும் பெயிண்ட் இல்லை.
கரிபிடித்தாற்போல் கறுத்துக் கிடக்கிறது.
அழுக்கு அல்ல, அதுதான் குடும்பச் சொத்து என்கிறாள்.
இந்தச் சுவரில் வாழும் நுண்ணுயிர்
ஜாடிக்குள் தானே இறங்குமாம்.
அழைக்க வேண்டியதில்லை.

இன்று ஒரு ஜாடியை மூடினாள்.
தாமரை இலை, அதன்மேல் களிமண்,
ஈரம் காயுமுன் விரலால் எழுதினாள்: பன்னிரண்டு.

அலுவலக அறைக் கதவில் ஒட்டியிருந்ததை
வரும்போதே படித்துவிட்டேன்.
நிலக் குத்தகை இன்னும் ஒன்பது வருஷம்.

நான் கழித்துப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.
"ஜாடி நகரும், மிஸ் மதி."
சுவர்?
பதில் சொல்லாமல் குழாயைத் திறந்தாள்,
உடனே மூடினாள்.
கையில் ஒட்டிய களிமண்ணை
பழைய துணியில் துடைத்துக்கொண்டாள்.

மூடியைத் திறந்தேன்.
வாளி இறங்கியது, ஏறியது.
ஐஸ் பெட்டிக்குள் வைக்குமுன்
படிவத்தை நிரப்ப வேண்டும்.
நிறம்: லேசான சிவப்பு.
மிதப்பவை: நூல் ஒன்று.
மணம் என்ற கட்டத்தில்
'அமிலம்' என்றோ 'ஏதுமில்லை' என்றோ
எழுதுவது வழக்கம்.

கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.
அரிசி, என்று எழுதினேன்.

முடிவு ஐந்து வேலை நாளில்.