அறுநூற்றுப் பன்னிரண்டாவது வரி

ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் பின்தெருவில்
பம்பு செய்கிற கம்பெனி.
கடலைவிடத் தாழ்ந்து கிடக்கும் வயல்களிலிருந்து
மழைநீரை மேலேற்றி வெளியே தள்ளும் பம்புகள்.

கூட்டத்தில் ஒல்கெர்ட் சொன்னார்:
விற்கிற கடைக்குள் வாசிக்கிற மேஜை எதற்கு?
தளம் புதிதாகிறபோதே
எழுத்தெல்லாம் பக்கத்து வாசலுக்குப் போகட்டும்.
தலைகள் ஆடின.
காபி ஆறிப்போயிருந்தது.

மாற்றம் சின்னதுதான்.
கம்பெனிப் பெயருக்குப் பின்னால்
ஒரு சாய்கோட்டில் முதுகைச் சாய்த்திருந்த சொல்
இனிமேல் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும்,
இடையில் ஒரு புள்ளி.
அவ்வளவுதான்.
நம் எழுத்தில் புள்ளி என்ன செய்யும் என்று
உங்களுக்குத் தெரியும்:
தலையில் வைத்ததும்
உயிர் கழன்றுவிடும், மெய் மட்டும் நிற்கும்.

யெல்ச்சே மூன்று வாரம் பட்டியல் போட்டாள்.
இடப்பக்கம் பழைய முகவரி,
வலப்பக்கம் புதியது.
துருப்பிடித்த வால்வு, உறைந்த குழாய்,
விலாங்கு மீன் சிக்காத விசிறி,
பதினாறு வருஷம் பலபேர் எழுதிவைத்த
அறுநூற்றுப் பதினொரு வரி.
பழைய வழியில் வருகிறவர்களை
மதகு திறந்து புது வாய்க்காலில் விட வேண்டும்.
அதற்கு எந்திரம் சொல்லும் எண் முந்நூற்றொன்று.
அர்த்தம்: நிரந்தரமாக இடம் பெயர்ந்தாயிற்று.
வீடு மாறுகிற யாரும்
இத்தனை உறுதியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை இரவு. வடமேற்குக் காற்று.
பதினொன்றரைக்குச் சாய்கோடு புள்ளியானது.
இருபது முகவரியைத் தட்டிப் பார்த்தாள்,
இருபதும் திறந்தன.
ஒல்கெர்ட் கைபேசியில் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுத்
தூங்கப் போனார்.

இரண்டு நாற்பதுக்குப் பதிவேட்டில்
நானூற்று நான்கு.
இல்லை என்று அர்த்தம்.
மறுபடி இல்லை. மறுபடி.
ஒரே ஆள், ஒரே முகவரி, ஏழு தடவை,
ஒரே இடத்தில் ஒரு எழுத்து அதிகமாக.

கைதவறித் தட்டுகிறவர்
ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரித் தவறுவார்.
இது தவறு இல்லை.
எதையோ பார்த்து,
ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிற கை.

கோட்டுகூடப் போடாமல் பட்டறைக்கு ஓடினாள்.
திருகாணிப் பெட்டிக்கு அடியில்
மிச்சம் கிடந்தது ஒரு தகரப் பட்டை,
பம்பின் விலாவில் அறைகிற பட்டை:
‘காற்று அடைத்துக்கொண்டால் இங்கே படிக்கவும்’,
கீழே முகவரி,
அதில் ஒரு எழுத்து அதிகம்.
அச்சு வெட்டினவரின் பிழை.
எத்தனை நூறு பம்புகளில் அறைந்தார்களோ,
யாரும் யாரிடமும் சொல்லவில்லை.
முன்பு இங்கே வேலைபார்த்த வீபே
பிழையான அந்த முகவரிக்கும்
சத்தமில்லாமல் ஒரு கதவு வைத்திருக்கிறார்.
பழைய தளத்தோடு அதுவும் போயிற்று.
எந்தப் பட்டியலிலும் இல்லாத கதவு.

எங்கோ ஒரு பம்புக் கொட்டகையில்
முழங்காலளவு நீரில்
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஒருவர்
இருக்கிற எழுத்தை இருக்கிறபடி நம்புகிறார்.

ஈரக் கையை ஜீன்ஸில் துடைத்துவிட்டு
அவள் எழுதினாள்:
இடப்பக்கம் பிழை,
வலப்பக்கம் புது வாசல்.

மூன்று இருபது. எட்டாவது தடவை.
முந்நூற்றொன்று.
உடனே இருநூறு, அதாவது சரி.
வந்தவர் பதினோரு நிமிஷம் இருந்தார்.
பிறகு போய்விட்டார்.
பம்பு கிளம்பியதா என்று
பதிவேடு சொல்லாது.

திங்கள்கிழமை ஒல்கெர்ட் கேட்டார்:
வருகை ஒன்பது சதவீதம் குறைந்திருக்கிறதே?
ஏறும், என்றாள்.
பட்டியலைப் புரட்டினவர் கடைசி வரியில் நின்றார்.
இது என்ன, எழுத்துப் பிழையா? திருத்தலாமே.

வேண்டாம், என்றாள் யெல்ச்சே.

அவள் மொழியில் அந்தச் சொல்லுக்கு
ஒரே ஒரு பொருள்தான்.
நம் மொழியில்
பிழை என்றால்
உயிரோடு இரு என்றும் ஆகும்.