இரண்டாவது கட்டில்

ஆறு கட்டில், ஓர் அடுப்பு.
விடிகாலை ஐந்துக்கு யார் எழுவது என்பதுதான்
உவ்ஸ் மாகாணத்துப் பள்ளி விடுதியில்
அந்தக் குளிர்காலத்தின் ஒரே அரசியல்.

வெளியே மைனஸ் முப்பத்தாறு.
சாம்பலை அள்ளிக் கொட்டி
கொட்டகைவரை போய் நிலக்கரி சுமந்து வந்து
கண் எரிய ஊதிப் பற்றவைக்க வேண்டும்.

அதுவரை ஆட்டின் கணுக்கால் எலும்பை உருட்டினோம்.
குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு:
அதற்கு நான்கு பக்கம், நாங்கள் ஆறு பேர்.
கணக்கு உதைத்தது.
போதாக்குறைக்கு பியாம்பதோர்ஜ்
ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வைத்திருந்தான்.

இனி இயந்திரம் சொல்லும் என்றேன்.
உலான்பாத்தரிலிருந்து அண்ணன் அனுப்பிய லேப்டாப்,
விசை இரண்டு கழன்றது.
பாதி படித்த பாடநூல்.
பதினோரு வரி நிரல்:
ஒரு ரேண்டம் எண் கேள்,
ஆறால் வகு,
மீதி எந்தக் கட்டிலோ அவன் எழட்டும்.

இரண்டாவது கட்டில் என்றது. நர்மந்தாக்.
கைதட்டி அனுப்பிவைத்தோம்.

மறுநாளும் இரண்டு.
எலும்பிலும் குதிரை அடுத்தடுத்து விழுவதுண்டே என்றேன்.

மூன்றாம் நாள் சுக்பாத் சொன்னான்,
அவன் ராசி அப்படி.
நான்காம் நாள் யாரும் எதுவும் சொல்லவில்லை.
காரணம் தேடும் நேரத்தில்
இன்னும் கொஞ்சம் தூங்கலாம்.

ஆறாம் நாள்
நான் லேப்டாப்பைத் திறக்கும் முன்பே
அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் இரவு, போர்வைக்குள்,
வகுக்காத எண்ணை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன்.
நூற்றெண்பது கோடியே
நாற்பத்திரண்டு லட்சத்து
எண்பத்தொன்பதாயிரத்து
முந்நூற்று எண்பத்து மூன்று.
எவ்வளவு பெரிய எண்!
யாரால் இதை ஊகிக்க முடியும்?
திரும்ப ஓட்டினேன்.
நூற்றெண்பது கோடியே
நாற்பத்திரண்டு லட்சத்து
எண்பத்தொன்பதாயிரத்து...

மூன்றாம் முறை ஓட்ட விரல் வரவில்லை.
ஆறால் வகுத்தால் மீதி ஒன்று.
பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவனுக்கு
ஒன்று என்றால் இரண்டாவது.

அது எதையும் உருட்டவே இல்லை.
முடிவில்லாத வாய்பாடு ஒன்றை
நெட்டுருப் போட்ட பையன் அது;
எழுப்பும்போதெல்லாம் முதல் வரியைத்தான் ஒப்பிப்பான்.
எங்கே தொடங்குவதென்று நாம் ஒரு விதை தர வேண்டுமாம்.
அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் அது இருந்தது.
கடைசிப் பத்திவரை நான் போகவில்லை.
கொட்டகைவரை அவன் போயிருந்தான்,
ஒன்பது முறை.

பன்னிரண்டாம் வரி எழுதினேன்:
ஓடுகிற நொடியை எடுத்து விதை.
எல்லோரையும் எழுப்பித் தப்பை ஒப்புக்கொண்டேன்.
தலையணை ஒன்று வந்து முகத்தில் விழுந்தது.
நர்மந்தாக் மட்டும் எறியவில்லை.

ஐந்து மணி.
போர்வைகளுக்குள்ளிருந்து ஒரே குரலாக: எத்தனை?

திரையில் இரண்டு.

நியாயமான இரண்டு. சுத்தமான இரண்டு.
ஆறில் ஒரு பங்கு வாய்ப்போடு
யார் தூண்டுதலும் இல்லாமல்
தானாக வந்து உட்கார்ந்த இரண்டு.
அதை எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பேன்?

நான்கு என்றேன்.
நான்கு என் கட்டில்.

கொட்டகையில் மண்வெட்டியின் இரும்பு
கையுறையோடு ஒட்டிக்கொண்டது.
பின்னால் பனி நொறுங்கும் சத்தம்.
நர்மந்தாக், தொப்பிகூட இல்லாமல்.

"இன்றைக்கும் இரண்டுதானே?
உன் கண்ணாடியில் தெரிந்தது,
இடவலம் மாறி."

நான் கரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்லை" என்றான்.
"எண்ணை நீதானே படிக்கிறாய்.
நாளைக்கு ஐந்து என்று படி.
பியாம்பதோர்ஜ் ஒரு நாளாவது போகட்டும்."
சொல்லிவிட்டு, வாளியைத் தொடாமல்
படுக்கைக்குத் திரும்பிப் போனான்.

மறுநாள் திரையில் மூன்று வந்தது.
நான் என்ன படித்தேன் என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.