உன் தே

ஹப்புத்தளைக்கு மேலே, தொழிற்சாலையில்
ருசி பார்க்கும் அறைக்கு வந்த முதல் ஸ்பானியக்காரி
என்னிடம் கேட்டது: "உன் தே."
என்னுடையதா?
இந்த மலையில் ஒரு செடிகூட என் பேரில் இல்லை, அம்மணி
என்று தமிழிலேயே சொல்லிவிட்டு
ஊற்றிக் கொடுத்தேன்.

'உன்' என்றால் அவர்களுக்கு 'ஒரு'வாம்.
அவள் மறந்துவிட்டுப் போன, அட்டை கிழிந்த
புத்தகத்தில் இருந்தது.
ஆணுக்கு உன், பெண்ணுக்கு ஊனா.
தெரிந்த ஒன்றென்றால் எல், லா.
தெரிந்ததையும் தெரியாததையும்
வாசலிலேயே பிரித்து நிறுத்துகிற பாஷை.
இங்கே "பஸ் வந்திருச்சா?" என்றால்
எந்த பஸ் என்று மேல் டிவிசனில் யாரும் கேட்பதில்லை.
இருப்பதே ஒன்று.

ராத்திரி ஷிப்டில், வாட்டுகிற தொட்டியின் காற்றாடி இரைய
ஒவ்வொன்றாகப் பிடித்து விசாரித்தேன், நீ ஆணா பெண்ணா என்று.
இலை பெண். மலை பெண். மூடுபனி பெண்.
காலில் ஏறும் அட்டையும் பெண்.
சம்பளம் ஆண், கடன் பெண்.
இதை மரியபுஷ்பத்திடம் சொன்னேன்.
"அங்கேயுமா" என்றாள்.

தண்ணீர்தான் விளையாட்டுக் காட்டியது.
அகுவா. பெண்.
ஆனால் லா-வின் ஆவும் அகுவாவின் அவும்
முட்டிக்கொள்வதைப் பொறுக்காமல்
எல் போட்டுவிட்டார்கள்.
நாமென்றால் நடுவில் ஒரு யகரத்தை வைத்துச்
சமாதானம் பண்ணியிருப்போம்.
ஆண் சட்டை போட்ட தண்ணீர்;
பன்மையில் கழற்றிவிடுமாம்.
மறுநாள் பீலியில் குடம் வைக்கும்போது
கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தேன்.

தை மாதம் இக்னாசியோ என்றொருவர் வந்தார்.
கொழுந்து நிறுக்கும் இடம் பார்க்கவேண்டும் என்றார்.
மரியபுஷ்பத்தின் தட்டு பதினாலு கிலோ.
கணக்கப்பிள்ளை நிமிராமல் "அரைப்பேர்" என்றார்.
அவள் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு
ஏதோ சொன்னாள்.
என்ன சொல்கிறாள்?
'என் கை வலிக்கிறது' என்று மாற்றிக் கொடுத்தேன்,
'என்'னுக்கு ஒரு 'மி' வைத்து.
அவர் மெதுவாகத் திருத்தினார்: லா மானோ.
வலிக்கும்போது 'என்' வராது, 'லா'தான்.
ஓகாரத்தில் முடிந்தாலும் கை பெண்.

அப்போதுதான் உறைத்தது.
"கை வலிக்குதுங்க." அவள் சொன்னது அவ்வளவுதான்.
'என்'னைச் சேர்த்தது நான்.

அரைப்பேர் என்றால்?
பேர் என்றால் பெயர்.
பேர் என்றால் ஒரு நாள் கூலியும்.
பாதிப் பெயர், என்றேன்.
பாதிப் பெயருக்கு முன்னால்
எல்லா, உன்னா? நானே கேட்டேன்.
பேனாவைத் திறந்தவர் எழுதவில்லை.
தேநீர் எங்கே கிடைக்கும் என்றார்.

புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு விதிவிலக்கு:
"போய் ஆ காசா."
போகிறேன் என்பதற்கு அவர்களும் போய் என்கிறார்கள்.
வீட்டுக்குக் காசா என்று பெயர். சரிதான்.
எல்லா இடத்துக்கும் கேட்கிற எல்லும் லாவும்
சொந்த வீட்டுக்குப் போகும்போது வேண்டாமாம்.
பத்திரம் இருக்கிறதா என்று
இலக்கணம் கேட்கவில்லை.
லயத்தில் பதினோராம் காம்பராவுக்கு
அதைச் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

பீலியடியில் மரியபுஷ்பம்
விழுகிற தண்ணீரில் கையைப் பிடித்திருந்தாள்.
"குளிருது" என்றாள்.
எது என்று நான் கேட்கவில்லை.