நீச்சல் தெரியுமா: ஆம் / இல்லை

ஆகஸ்ட் விடுமுறைக்கு இன்னும் ஒன்பது நாள்.
சாப்பாட்டு மேசையில் ஐந்து துண்டுப்பிரசுரங்கள்,
கச்சான் காற்றுக்குப் பறக்காமல்
மேலே சீனிப் போத்தல்.

ரோபோ முகாம், நாவற்குடா. ஏசி உண்டு.
பன்னிரண்டாயிரம், கருவிப்பெட்டிக்கு வேறு.
அபாகஸ். அதே விலை, ஏசி இல்லை.
சித்திரம், பதினொரு மணிக்கே முடிந்துவிடும்.
ஆங்கிலம் பேசும் முகாம்:
பத்து நாளில் பிள்ளை வாய் திறக்குமாம்.
வாய் மூடப் பழக்கும் முகாம் ஒன்றும் இல்லையா
என்று கேட்டாள் சுகிர்தா,
அவளுக்கு இரட்டைப் பையன்கள்.

வங்கியில் என் கவுண்டர் எட்டரைக்குத் திறக்கும்.
அவர் டோஹாவில்.
பகலில் வீட்டில் இருப்பது
மூன்று மீன்கள்தான், அவையும் தொட்டிக்குள்.

மதிய இடைவேளையில் ஓட்டோ பிடித்தேன்.
"நாவற்குடா, அந்த முகாமடிக்கு."
கண்ணாடிக்குள்ளால் பார்த்தார்.
"ஆமியா, எஸ்.ரி.எப்பா?"
"புள்ளைகள்ற முகாம் அண்ணன். லீவுக்கு."
கல்லடிப் பாலம் ஏறி இறங்கும்வரை பேச்சில்லை.
மறுகா சொன்னார்:
"நாங்களும் புள்ளைகளாத்தான் இருந்த நாங்க, முகாம்ல."
மீதிக் காசை எண்ணாமல் வாங்கினேன்.
எண்ணாமல் நான் காசு வாங்குவதில்லை.

ரோபோ முகாம் எனக்குப் பிடித்திருந்தது.
ஒரு பையன் செய்த கார்
மேசை விளிம்புவரை போய்
தானாகவே நின்று திரும்பியது.
அங்கே தண்ணீர் என்றால்
மூலையில் தலைகீழாய் நிற்கும் போத்தல் மட்டும்.

யதுர்ஷா அந்தத் தாளைத் தொடவுமில்லை.
நீலத்தாளை எடுத்துத்
தலையணைக்குள் வைத்திருந்தாள்.
கல்லடி விடுதியொன்றின் தடாகம்,
காலை ஏழரை முதல் பகல் ஒன்றுவரை,
ஆறு வயது முதல் பதினாலு வரை.
ரோபோவைவிட மூவாயிரம் குறைவு.

"ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி,
நமக்கு ஏனம்மா நீந்தத் தெரியாது?"

நேரமில்லாமல் போச்சு என்றேன்.
பொய்யென்றும் சொல்ல முடியாது.
டச்பாரில் எங்கள் வீடு.
அந்த மார்கழியில் எனக்குப் பதினொன்று.
மறுகா பத்து வருடம்
வாளியும் கோப்பையுமாகத்தான் குளித்தேன்,
கண்ணைத் திறந்துகொண்டு,
சவர்க்காரம் எரிந்தாலும்.

இரவு படிவத்தை எடுத்தேன், சும்மா பார்க்க.
அவள் பென்சிலால் நிரப்பி வைத்திருந்தாள்.
இரத்தவகை: அம்மாவிடம் கேட்கவும்.
ஒவ்வாமை: இறால், ஆனால் சாப்பிடுவேன்.
நீச்சல் தெரியுமா: இன்னும் இல்லை.
பிள்ளைக்கு எதற்காவது பயம் உண்டா:
எனக்கு இல்லை. அம்மாவுக்கு உண்டு.

அழிறப்பர் பக்கத்தில்தான் கிடந்தது.
அதற்குக் கீழே என் கையெழுத்தை வைத்தேன்,
பேனையால்.

முதல் நாள் அரைமணி லீவு கேட்டுக்கொண்டு போனேன்.
ரிஸ்மினா ரீச்சர், காத்தான்குடி,
கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு நீச்சலுடை,
அதட்டினால் தடாகம் முழுக்கக் கேட்கும்.
"மூச்சைப் பிடிக்கக்கூடாது, புள்ள,
தண்ணிக்குள்ள விடணும்!"
யதுர்ஷாவின் தலை உள்ளே போனது.
என் விரல்கள் நோட்டெண்ணத் தொடங்கின.
நாலு. ஐந்து.
குமிழிகள் வந்தன, அவள் வரவில்லை.
ஏழு.
எட்டாவதில் தலை வந்தது,
மூக்கால் வழிய, சிரித்துக்கொண்டு,
என்னைத் தேடாமல்.

ஒன்பதுக்குக் கவுண்டர் திறந்தேன்.
வரிசையில் முதல் ஆள், வெல்லாவெளிப் பக்கம்,
ஓய்வூதியப் புத்தகத்தை நீட்டிக்கொண்டே கேட்டார்:
"வாசலெல்லாம் ஈரம்.
உங்கட சாறிக்கரையும் நனைஞ்சிருக்கு.
வெளியில மழையா பிள்ளை?"

"இல்லை ஐயா. ஒரு படிதான்," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை.
புத்தகத்தை வாங்கினேன்.
தாளில் என் விரல் ஈரம் கொஞ்சம் பட்டது.